‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு: மட்டக்களப்பிலிருந்து ஒரு வழிகாட்டி

இதை வாசிக்கும் இந்த நேரத்திலேயே ‘இனி இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் உங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தால், கட்டுரையை அப்படியே விட்டுவிட்டு 1926-ஐ அழுத்துங்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் அது. நள்ளிரவு தாண்டியும் எடுப்பார்கள். எடுத்தவுடன் முதல் சொல்லாகவே ‘தமிழில் பேச வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். 1333 என்ற இலக்கமும் இருக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்துவிட்டால் 1990 அம்புலன்ஸ், அதுவும் இலவசம்.

மற்றவர்கள் ஆறுதலாக வாசிக்கலாம்.

எங்கள் பக்கத்தில் காய்ச்சலும் வருத்தம்தான், கவலையும் வருத்தம்தான். ‘பிள்ளைக்கு வருத்தம்’ என்று நாம் சொன்னால், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் பிள்ளைக்கு என்ன மனக்குறை என்று விசாரிப்பார். ‘அவர் ஒரே யோசனை’ என்றால் அவர் ஏதோ திட்டம் போடுகிறார் என்று எண்ணிக்கொள்வார். உடம்பையும் மனதையும் இரண்டாகப் பிரிக்காத இந்தப் பேச்சு நல்ல பேச்சுத்தான். ஆனால் அதற்குள் ஒளிந்துகொள்ளவும் வெகு சுகம். தலையிடி, நெஞ்செரிவு, உடம்பு உளைவு என்று சொல்லி இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு பல வருடங்களை ஓட்டிவிடலாம். நான் ஒன்றரை வருடம் அப்படி ஓட்டினேன். இந்த வழிகாட்டி அந்த அனுபவத்திலிருந்தும், பிறகு கற்றுக்கொண்டவற்றிலிருந்தும் வருகிறது. நான் வைத்தியர் அல்ல, கிளினிக் வாங்கில் காத்திருந்தவள்.

முதல் படி: தராசைக் கீழே வையுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் எனக்கு அதிக காலம் எடுத்தது. ஆகவே இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் துயரங்களுக்குத் திகதி உண்டு. 1978 நவம்பர் சூறாவளி. 1990-இன் படுகொலைகள், அந்த ஆண்டைச் சொன்னாலே தமிழரும் முஸ்லிம்களும் வெவ்வேறு ஊர்களின் பெயரைச் சொல்லி மௌனமாகிவிடுவார்கள். 2004 டிசம்பர் 26, இலங்கையில் கடல் அதிகமானோரைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். 2019 ஏப்ரல் 21, மட்டக்களப்பு நகரில் சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு. இப்படியான மண்ணில் இருந்துகொண்டு, திகதியே இல்லாத ஒரு துயரத்தை எப்படிச் சொல்வது?

என் நிலைமை அதுதான். விடியப்புறம் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்ததுபோல இருக்கும். காரணம் என்று காட்ட எதுவும் இல்லை. சம்பளம் வருகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், கணவர் குடிப்பதில்லை. அடுத்த வளவில் இருக்கும் பெரியம்மாவோ சுனாமியில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர். அவருக்கு முன்னால் போய் ‘எனக்கு நித்திரை வருவதில்லை’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. ‘உனக்கு என்ன குறை?’ என்று ஊர் கேட்பதற்கு முன்பே நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். பதில் இல்லாததால் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லப் பழகினேன்.

பக்கத்து வீட்டில் கால் முறிந்த ஒருவர் படுத்திருக்கிறார் என்பதற்காக என் பாதத்தில் ஏறிய முள் தானாக வெளியே வருவதில்லை. உள்ளே கிடந்து சீழ் பிடிக்கும். மனச்சோர்வு ஒரு நோய். பெரிய இழப்புக்குப் பின்னும் வரும், இழப்பே இல்லாத வீட்டிலும் வரும், பிள்ளை பெற்ற மகிழ்ச்சிக்கு நடுவிலும் வரும். தகுதி பார்த்து வருவதில்லை.

இன்னொரு கூட்டத்தினர் இருக்கிறார்கள். அவர்கள் துயரத்துக்குத் தொடக்கத் திகதி உண்டு, முடிவு இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள். அந்தியேட்டி என்ற ஈமக்கிரியையைச் செய்வதா, பொட்டு வைப்பதா, அவருடைய சைக்கிளைக் கொடுத்துவிடுவதா என்று ஒவ்வொரு சின்ன விடயமும் முள்ளாக நிற்கும். ‘இன்னுமா மறக்கவில்லை?’ என்று கேட்பவர்களுக்கு நீங்கள் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. முடிவு தெரியாத இழப்பு ஆறாமல் கிடப்பது உங்கள் பலவீனம் அல்ல. ‘இறந்துவிட்டார்’ என்று பதியாமலே, காணாமற்போனவர் என்ற சான்றிதழைப் பெறும் வழி 2016 முதல் சட்டத்தில் இருக்கிறது. வங்கி, காணி அலுவல்களுக்காக மனதுக்கு ஒவ்வாத கடதாசியில் கையெழுத்திடும் நெருக்கடியாவது அதனால் கொஞ்சம் குறையும்.

இரண்டாம் படி: பதினான்கு நாள் கலண்டர்

சுவரில் தொங்கும் கலண்டரே போதும். இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு நாள் கட்டத்திலும் மூன்று சிறு குறிகள் இடுங்கள்: நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, வழக்கமாகப் பிடிக்கும் ஒன்றில் அன்று மனம் போனதா. உங்களுக்கு மட்டும் விளங்கும் புள்ளி, கோடு ஏதாவது போதும். என் கலண்டரைப் பார்த்த மகன் பால் கணக்கு என்று நினைத்தான்.

இரண்டு வாரம் என்பது சும்மா சொன்ன கணக்கல்ல. மனச்சோர்வு நோயா என்று பார்க்கும்போது வைத்தியர்கள் எடுத்துக்கொள்ளும் குறைந்தபட்சக் காலம் அது. பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டு கிடப்பது, எதிலும் விருப்பம் இல்லாமை, நித்திரையும் பசியும் குலைவது, காரணமில்லாத களைப்பு, கவனம் நில்லாமை, ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்ற நினைப்பு, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் பலவும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலையைக் குலைத்தால் அடுத்த படிகளுக்குப் போக வேண்டும். சாவு நினைப்பு மட்டும் வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.

ஆண்களுக்கு இது வேறு உருவத்தில் வருவதைப் பார்த்திருக்கிறேன். அழமாட்டார்கள், எரிந்து விழுவார்கள். சோற்றில் உப்புக் கூடியதற்குக் கோப்பை பறக்கும். சாராயம் நாளாந்தமாகும். பார்ப்பவர்கள் அதைக் ‘குணம்’ என்பார்கள். உங்கள் கட்டத்தில் நான்காவது குறியாகக் கோபத்தையும் குடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்திலேயே ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். தைரொய்ட் குறைந்தாலும், இரத்தச்சோகை இருந்தாலும் இதே களைப்பும் சோர்வும் வரும்.

மூன்றாம் படி: சிறிய பராமரிப்பு, மிகச் சிறியது

‘சுயபராமரிப்பு’ என்ற சொல்லைக் கேட்டாலே முகத்துக்குப் பூசும் கிரீம் விளம்பரம்தான் எனக்கு ஞாபகம் வரும். எங்கள் பெண்கள் ‘எனக்கு எங்கே நேரம்?’ என்று சிரித்துவிட்டுப் போவார்கள். ஆகவே இதை ஒரு பீங்கானிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவள் தாய். அதுவும் குசினியில் நின்றபடி, சட்டியில் ஒட்டிய கறியைச் சோற்றில் பிரட்டி, ஒரு கண் அடுப்பில், ஒரு கண் வாசலில். அடுத்த ஏழு நாட்களுக்கு ஒரு நேரச் சாப்பாட்டையாவது கதிரையில் அமர்ந்து, பீங்கானில் போட்டு, பத்து நிமிடம் எடுத்துச் சாப்பிடுங்கள். தொலைபேசி வேண்டாம். முதல் நாள் எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று இன்றும் தெரியாது.

அடுத்தது நித்திரை. படுக்கும் நேரத்தைவிட எழும்பும் நேரம் முக்கியம். எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழும்புங்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தேத்தண்ணீர் வேண்டாம் (இது எங்களவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று தெரியும், பாலில்லாத தேத்தண்ணீரும் தேத்தண்ணீர்தான்). பகல் நித்திரை அரை மணிக்கு மேல் வேண்டாம். இருபது நிமிடம் போல நித்திரை வராமல் கிடந்தால் எழும்பி வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் அமருங்கள், கண் சொருகும்போது திரும்பிப் போங்கள். விழித்துக் கிடந்து பழகினால் படுக்கையே நித்திரையை விரட்டும் இடமாகிவிடும்.

மூன்று மணி விழிப்புக்கு மூச்சு. நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுவது. வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். ஐந்து நிமிடம் செய்துவிட்டு, இருட்டில் கேட்கும் ஐந்து சத்தங்களை எண்ணிப் பாருங்கள். எனக்குக் கிடைத்தவை: மின்விசிறி, நாய், தூரத்தில் கடல், பெரியம்மாவின் இருமல், கல்முனைப் பக்கம் போகும் லொறி. பயம் அப்படியே இருக்கும், ஆனால் நான் இந்த அறையில் இருக்கிறேன் என்பது திரும்பி வரும்.

யோசனைக்கு நேரம் ஒதுக்குங்கள் என்று ஒருவர் எனக்குச் சொன்னபோது கேலி என்று நினைத்தேன். பின்னேரம் ஐந்து மணிக்குப் பதினைந்து நிமிடம், கொப்பியும் பேனாவும். மனதில் ஓடுவதையெல்லாம் எழுதி, நாளைக்கு ஏதாவது செய்யக்கூடியதற்குப் பக்கத்தில் ஒரு சரி போடுவது. மற்ற நேரங்களில் யோசனை வந்தால் ‘ஐந்து மணிக்கு வா’ என்று அனுப்பிவிடுவது. நுண்கடன் எடுத்தவர்களுக்கு இது விசேடமாக உதவும். எந்தக் கம்பனிக்கு எவ்வளவு, எந்தக் கிழமை கட்ட வேண்டும், மொத்தம் என்ன என்று ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். தொகை குறையாது. ஆனால் இலக்கம் தெரியாத கடன் இரவில் இரண்டு மடங்காகத் தெரியும்.

நடை. இருபது நிமிடம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வரம்பு, கிழக்கே எழுவான்கரையில் கடற்கரை. பாடும் மீனைக் கேட்டே தீருவேன் என்று கல்லடிப் பாலத்துக்குப் போகத் தேவையில்லை. மனம் வந்தபின் நடப்போம் என்று காத்திருந்தால் மனம் வராது. நடந்தபின்தான் அது பின்னால் வந்து சேரும்.

நான்காம் படி: ஒரு ஆள்

பத்துப் பேர் வேண்டாம். ஒருவர். நல்ல ஆலோசனை சொல்பவரைத் தேடாதீர்கள். கேட்டதைச் சந்தைக்குக் கொண்டுபோகாதவரைத் தேடுங்கள். அவர் மற்றவர்களின் கதையை உங்களிடம் எப்படிச் சொல்கிறார் என்று கவனித்தாலே தெரிந்துவிடும்.

எங்கே பேசுவது என்பதும் முக்கியம். எதிரெதிரே அமர்ந்து ‘சொல்’ என்றால் யாருக்கும் வாய் வராது. கைக்கு வேலை இருக்க வேண்டும், கண்ணுக்குக் கண் பார்க்கத் தேவையில்லாமல் இருக்க வேண்டும். 1996-இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கியவர்கள் யுத்தத்தில் அடிபட்ட பிள்ளைகளைக் கூட்டிவைத்து ‘நடந்ததைச் சொல்’ என்று கேட்கவில்லை. களிமண்ணும் நிறமும் கதையும் கொடுத்தார்கள். பெரியவர்களும் அப்படித்தான்.

எனக்கு அது இறாலில் நடந்தது. பெரியம்மாவும் நானும் கிணற்றடியில் அமர்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தோம். பழக்கப்பட்ட கை அவருக்கு. தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்து எறிவதற்குள் நான் ஒன்றை எடுத்திருக்கமாட்டேன்.

“என்ன மகள், உன் வீட்டில் மூன்று மணிக்கு லைட் எரிகிறது?”

“ஒன்றுமில்லை பெரியம்மா.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலைந்து இறால் உரிபட்டது. பிறகு நானாகவே, “நித்திரை வருவதில்லை பெரியம்மா. நெஞ்சு அடைக்கிறது. காரணம் தெரியவில்லை. உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது,” என்றேன்.

“என்னிடம் ஏன் வெட்கம்?”

நான் பதில் சொல்லவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. கையைக் கழுவாமலே முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்போது எனக்கு அழ ஆள் இருந்தது. முகாமில் எல்லோரும் சேர்ந்துதான் அழுதோம். நீ தனியாக அழுதுகொண்டிருக்கிறாய்,” என்றார். பிறகு, “பூனை வருகிறது, அந்தச் சட்டியை மூடு,” என்றார்.

உங்களுக்குச் சொல்ல வார்த்தை வராவிட்டால் இந்த மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை நாளாக, உடம்பில் எங்கே, எந்த நேரம் மோசம். ‘எனக்கு மனச்சோர்வு’ என்று பெயரிட வேண்டியதில்லை. சொன்ன முதல் ஆள் ‘இதெல்லாம் ஒரு பிரச்சினையா’ என்று தட்டிவிட்டால், ஆள் தெரிவில்தான் பிழை. வேறொருவரிடம் போங்கள்.

ஐந்தாம் படி: கோயிலும் பள்ளிவாசலும் கிளினிக்கும்

என் வீட்டில் முதலில் சொன்னது ‘பார்வை பார்ப்போம்’. போனேன், நூல் கட்டினேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடும்போது அந்தக் கூட்டத்தில் நின்று அழும் பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே இறங்கும் பாரம் மாத்திரையில் இறங்காது. யுத்த காலத்தில் காணாமற்போன பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று கேட்க, தெய்வம் ஆடுபவர்களின் வாக்கைத் தவிர எங்கள் தாய்மாருக்கு வேறு இடம் இருக்கவில்லை. தொழுகையும் ஓதலும் அப்படியே பலருக்குக் கைப்பிடி.

கோடு எங்கே என்றால்: அடிப்பவரிடமும், ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவரிடமும், ‘மருந்தை நிறுத்து’ என்பவரிடமும் போகாதீர்கள். நூலும் கட்டலாம், கிளினிக்குக்கும் போகலாம். இரண்டும் சண்டை பிடிப்பதில்லை, மனிதர்கள்தான் பிடிக்கிறார்கள்.

ஆறாம் படி: கிளினிக்

முன்பு மனநோய் என்றால் கொழும்புப் பக்கத்து மனநோய் வைத்தியசாலையைக் குறிக்கும் ‘அங்கொடை’ என்ற ஒரு சொல்தான், அதுவும் வசைச்சொல்லாக. 2005-இல் வந்த மனநலக் கொள்கைக்குப் பிறகு சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுவர அரசு முயன்றது. இன்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் பக்கத்துப் பெரிய அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் மனநலக் கிளினிக் நாள் எதுவென்று கேட்டுக்கொள்ளலாம். கட்டணம் இல்லை.

ஊர் கண்டுவிடும் என்ற பயம் நியாயமான பயம். கல்முனைக்காரர் மட்டக்களப்புக்கு வருவதும், மட்டக்களப்பார் கல்முனைக்குப் போவதும் நடக்கிற காரியம்தான். ஏறத்தாழ 40 கிலோமீட்டர், ஒரே வீதி, ஒரு பஸ். நானும் ஊரில் பல்வலி என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். வாங்கில் எனக்கு மூன்று பேர் தள்ளி எங்கள் பாடசாலையில் படிப்பித்த ஆசிரியை இருந்தார். இருவரும் பார்த்துச் சிரித்தோம். அவரும் பல்வலியாம்.

காலையிலேயே போய் நம்பர் எடுங்கள். தண்ணீர்ப் போத்தலும், இப்போது எடுக்கும் மருந்துகளும், அந்தக் கலண்டர் தாளும் கையில் இருக்கட்டும். வைத்தியருக்கு நேரம் குறைவு. கலண்டர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் அரை மணி நேரக் கதை போய்விடும். குடி, கடன், வீட்டில் அடி எதையும் மறைக்காதீர்கள்.

மருந்து எழுதினால் சில விடயங்கள். மனச்சோர்வு மாத்திரை பனடோல் போல அன்றே கேட்காது. இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் எடுக்கும். முதல் வாரம் வயிற்றைப் பிரட்டலாம். சுகம் வந்ததும் நிறுத்தத் தோன்றும், அதுதான் நிறுத்தக் கூடாத நேரம். சுகமான பிறகும் மாதக்கணக்கில் தொடர்ந்து, வைத்தியர் சொல்லும் விதத்தில் குறைத்து நிறுத்த வேண்டும். பழக்கமாகிவிடும் என்று பயப்படுகிறார்கள், அந்தப் பயம் சில நித்திரை மாத்திரைகளுக்குப் பொருந்தும். எது எந்த மாத்திரை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மச்சாளின் மருந்தை வாங்கிப் போடாதீர்கள்.

எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. பேச்சு மட்டும் போதுமானவர்களுக்குப் பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். குழந்தை பெற்ற தாய்மாருக்கு வீட்டுக்கு வரும் மிட்வைஃப் நல்ல வாசல். குழந்தையின் நிறையைப் பார்த்துவிட்டுப் போக எழும்பும்போது ‘எனக்கும் சரியில்லை’ என்று ஒரு வசனம் சொல்லிவிடுங்கள். வீட்டு வன்முறை என்றால் பெண்களுக்கான 1938.

ஏழாம் படி: மோசமான இரவுக்கு முன்கூட்டியே

நல்ல நாளில் செய்து வைக்க வேண்டிய வேலை இது. இலங்கையில் தற்கொலை 1995-இல் உச்சத்தில் இருந்தது. அடுத்த பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்ததுதான் அதற்குப் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தக் கொடிய நேரம் பலருக்குச் சில நிமிடங்களோ சில மணித்தியாலங்களோதான், அது கடக்கும்வரை ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். வயல் செய்யும் வீடுகளில் பூச்சிமருந்துப் போத்தல் கூரைக்கடியில் சொருகியிருக்கும். அதை இன்றே பூட்டுங்கள், அல்லது போகம் முடியும்வரை அண்ணன் வீட்டில் வைத்துவிடுங்கள். திறப்பு வேறொருவரிடம் இருக்கட்டும். வீட்டிலுள்ள மாத்திரைகளுக்கும் இதுவே.

1926, உங்கள் அந்த ஒரு ஆளின் இலக்கம், 1990 மூன்றையும் அரிசி வாளியின் மூடிக்குள் எழுதி ஒட்டுங்கள். தொலைபேசியில் மட்டும் வைத்தால் அந்த நேரத்தில் சார்ஜ் இருக்காது. யாராவது முயன்று பிழைத்துவிட்டால் பொலிஸ் வழக்கு வரும் என்று வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சி 1998 முதல் இந்த நாட்டில் குற்றமல்ல. தயங்காமல் கொண்டுபோங்கள்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

‘சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?’ என்று நேரே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ‘ஆம்’ என்றால் தனியே விடாதீர்கள். ‘இல்லை’ என்றால் அடுத்த வாரம் திரும்பக் கேளுங்கள். சுனாமியை உதாரணம் காட்டாதீர்கள்.

கிளினிக்குக்குக் கூடப் போங்கள். முதல் தடவைக்கு யாராவது வருவார்கள். பெரியம்மா எனக்கு வந்தார், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் தனக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டு. இரண்டாவது தடவைக்குத்தான் ஆள் இருக்காது, ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் வேறு அலுவல் வந்துவிடும். ஆகவே கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுக்கும் அடுத்த திகதியை உங்கள் வீட்டுக் கலண்டரிலும் குறித்து வையுங்கள்.